அமைதிப்படையிலிருந்து திரும்பியவர்களுக்கு என்ன நடந்தது?

கேள்வி இதுதான்: 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படைச் சிப்பாய்கள் என்ன பாடுபட்டார்கள், ஊர் திரும்பிய பிறகு அவர்களை யாருமே மதிக்கவில்லை என்பது உண்மையா? கேட்டவர் கொட்டகலைப் பக்கம் படிக்கிற ஒரு தம்பி. "மலையகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். சம்பந்தம் இருக்கிறது, தம்பி. எங்கள் வீட்டில் அது சுவரில் மாட்டியிருந்தது.

தோட்டப் பாடசாலைகளில் முப்பது ஆண்டுக்கு மேல் வரலாறு சொல்லிக் கொடுத்தவன் நான். வகுப்பில் இந்த 32 மாதங்களை அரை மணி நேரத்தில் கடந்துவிடுவேன். நேரமில்லை என்பது வெளியில் சொல்கிற காரணம். உள்ளே இருந்த காரணம், என் தாய்மாமன் அந்தப் படையில் சிப்பாயாக இருந்தார் என்பது.

தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், லயத்தில் பிறந்த பையன் இந்தியன் ஆமியில் எப்படிச் சேர்ந்தான் என்று கேட்பீர்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் குடும்பத்தை இரண்டாக வெட்டியது. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும் என்று கணக்குப் போட்டார்கள். என் அப்பா இலங்கைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். தாத்தா இந்தியாவுக்கு. அம்மா கட்டிக்கொடுத்துப் போனவள் என்பதால் அப்பா பக்கம் நின்றுவிட்டாள். 1972இல் ஹட்டன் ஸ்டேஷனில் தாத்தா, அம்மாயி, மாமா மூவரையும் கோச்சி ஏற்றிவிட்டோம். தலைமன்னார் போய் அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். மாமாவுக்கு அப்போது 11 வயது, எனக்கு 6. அவர் கையில் ஒரு கோழிக்கூடு இருந்ததும், கப்பலில் கோழியை ஏற்ற மாட்டார்கள் என்று யாரோ சொல்லிக் கடைசி நிமிடத்தில் அதை என்னிடம் கொடுத்ததும் மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அங்கே அவர்களை நீலகிரிக்கு அனுப்பினார்கள். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968 முதல் தேயிலை போட்டுக்கொண்டிருந்தது. இங்கே கிள்ளிய கொழுந்தை அங்கே போய்க் கிள்ளினார்கள், அவ்வளவுதான் மாற்றம். இங்கே எங்களை 'இந்தியாக்காரன்' என்றார்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் 'சிலோன்காரன்'. குன்னூருக்குப் பக்கத்தில்தான் வெலிங்டன் இருக்கிறது, மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி நிலையம். மலை ஏறி இறங்கி வளர்ந்த பையனுக்கு ஆளெடுப்பு ஓட்டம் ஒரு விஷயமே இல்லை. 1980இல் சேர்ந்துவிட்டார். அடுத்த வருடம் சீருடையில் எடுத்த போட்டோ ஒன்று தபாலில் வந்தது. ஸ்டூடியோவில் பின்னால் திரை கட்டி எடுத்தது. அம்மா அதைக் கண்ணாடி போட்டு காம்பராவில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

சரி, இனி நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது எங்கும் கிடைக்கிற கதை. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொதிகளைப் போட்டன. ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்தனவும் போரை நிறுத்தக் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். மறுநாளே அணிவகுப்பு மரியாதையில் நின்ற ஒரு கடற்படைச் சிப்பாய் துப்பாக்கியின் பிடியால் ராஜீவை அடித்தார். அதே நாட்களில் இந்தியப் படை பலாலியில் இறங்கியது. யாழ்ப்பாணத்தில் மாலை போட்டார்கள், கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மலையகத்திலும் எங்கள் தோட்டத்துக் கோயிலில் ஒருவர் தேங்காய் உடைத்தார். 1983இல் அடிவாங்கியவர்கள் நாங்கள். இனி ஒருவன் நம் மேல் கைவைக்க யோசிப்பான் என்று நினைத்தோம்.

அந்த நினைப்பு பத்து வாரம் தாங்கியது. செப்டம்பர் 26 அன்று விடுதலைப் புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். ஒக்டோபர் 5 அன்று இலங்கைப் படை பலாலியில் பிடித்து வைத்திருந்த குமரப்பா, புலேந்திரன் உட்பட 12 புலிகள் சயனைட் கடித்து இறந்தார்கள். ஒக்டோபர் இரண்டாம் வாரத்தில் 'ஒப்பரேஷன் பவான்' என்ற பெயரில் இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடிக்கக் கிளம்பியது. சண்டையை விலக்க வந்தவனே சண்டைக்காரன் ஆனான்.

சிப்பாய்களின் கதை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. சில நாட்களில் முடிந்துவிடும் என்று மேலே நினைத்தார்கள். ஒக்டோபர் 11, 12 இரவில், புலிகளின் தலைமையைப் பிடிக்க யாழ் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகொப்டரில் ஆட்களை இறக்கினார்கள். கீழே புலிகள் காத்துக்கொண்டிருந்தார்கள். சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியைச் சேர்ந்த 30 பேரில் 29 பேர் அங்கேயே செத்தார்கள், ஒருவர் மட்டும் பிடிபட்டு உயிர் பிழைத்தார். சரியான வரைபடம் கிடையாது. கையில் இருந்தது ஒரு வெடிக்கு ஒரு முறை விசையை இழுக்கிற எஸ்.எல்.ஆர். எதிரில் இருந்தவன் கையில் ஏகே. பஞ்சாபிலிருந்தும் கர்வாலிலிருந்தும் வந்த பையன்களுக்கு ஒழுங்கை, வேலி, வடலி எதுவும் புரியவில்லை. எந்த வேலிக்குப் பின்னால் வீடு, எந்த வேலிக்குப் பின்னால் துப்பாக்கி என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. 54ஆவது டிவிஷனோடு தொடங்கிய படை அடுத்த வருடம் 70,000 பேரைத் தாண்டியது. அப்படியும் சண்டை முடியவில்லை.

மாமா ஒக்டோபர் நடுவில் வந்து சேர்ந்தார். தமிழ் தெரிந்தவர் என்பதால் கொஞ்ச நாளிலேயே அவரைச் சென்ட்ரி என்கிற சோதனைச் சாவடிக்கும் சுற்றிவளைப்புக்கும் மொழிபெயர்க்கப் போட்டுவிட்டார்கள். சுற்றிவளைப்பு என்றால் இந்தத் தலைமுறைக்குத் தெரியாது. விடியுமுன் ஊரைச் சுற்றி நின்று, ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் உட்கார வைப்பார்கள். ஜீப்பில் முகத்தை மூடிய ஒருவன் இருப்பான். ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்க வேண்டும். அவன் தலையை ஆட்டினால் போச்சு. 'தலையாட்டி' என்றே அவனுக்குப் பெயர். அப்போது வெளியில் நிற்கிற தாய்மார்கள் கத்துவார்கள். மாமா சொன்னது இது: "மாப்ள, மத்தவனுக்கு அது வெறும் சத்தம். அவனுக்கு வெளங்காது. எனக்கு ஒவ்வொரு சொல்லும் வெளங்கும். 'ஐயா, உங்களுக்குத் தமிழ் தெரியும்தானே, ஒருக்காச் சொல்லுங்கோ'ன்னு என் மூஞ்சியப் பாத்துத்தான் அழுவாங்க."

இந்தப் படையில் தமிழ்ச் சிப்பாய்க்குத் தனியாக விழுந்த அடி இதுதான் என்பது என் எண்ணம். மொழி தெரியாதவனுக்குக் கோபமும் பயமும்தான் இருந்தன. தெரிந்தவனுக்கு அவற்றோடு காதும் இருந்தது.

தமிழர்களிலேயே வேறு மாதிரி முடிந்த கதையும் உண்டு. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், பம்பாயில் பிறந்த தமிழர், மஹார் ரெஜிமென்ட். 1987 நவம்பர் 25 அன்று கந்தரோடையில் பதுங்கித் தாக்கியவர்களோடு நடந்த சண்டையில் நெஞ்சில் குண்டு பட்ட பிறகும் ஒருவனிடமிருந்து துப்பாக்கியைப் பறித்துச் சண்டையிட்டு இறந்தார். இந்தியாவின் மிக உயர்ந்த போர் விருதான பரம் வீர் சக்ரா, இலங்கைக்கு வந்த படையில் அவர் ஒருவருக்கு மட்டும்தான் கிடைத்தது.

அதே நேரத்தில் இன்னொன்றையும் சொல்லாமல் போனால் நான் வாத்தியார் இல்லை. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். இந்தியப் படையினர் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்து நோயாளிகளையும் வைத்தியர்களையும் தாதிகளையும் சுட்டார்கள். அறுபதுக்கு மேற்பட்டவர்கள் அங்கே இறந்தார்கள். 1989 ஓகஸ்ட் தொடக்கத்தில் வல்வெட்டித்துறையில், தங்கள் ஆட்கள் சிலர் தாக்குதலில் இறந்ததற்குப் பதிலாகப் பொதுமக்கள் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். பெண்களுக்கு நடந்த கொடுமைகள் தனி. அமைதிப்படையின் ஆங்கிலச் சுருக்கமான ஐ.பி.கே.எஃப் என்ற நான்கு எழுத்துக்கு யாழ்ப்பாணத்தார் வேறு விரிவு சொல்லத் தொடங்கினார்கள், அப்பாவிகளைக் கொல்லும் படை என்று. ஆஸ்பத்திரியைப் பற்றி நான் மாமாவிடம் ஒரே ஒரு முறை கேட்டேன். "எனக்கு அன்னைக்கு வேற எடம்" என்றார். பிறகு எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார். அதற்கு மேல் நான் தோண்டவில்லை.

இப்போது மலையகத்துக்கு வருகிறேன். இந்தியப் படை எங்கள் பக்கம் வரவே இல்லை, வடக்கு கிழக்கில் மட்டும்தான் இருந்தது. ஆனால் அதன் வெப்பம் எங்கள் மேல்தான் அடித்தது. தெற்கில் சிங்கள இளைஞர்களின் ஆயுதக் கிளர்ச்சி இயக்கமான ஜே.வி.பி. இந்தியப் படையை எதிர்த்தே ஆள் சேர்த்தது. 1989இல் இந்தியப் பொருட்களை விற்கக்கூடாது, வாங்கக்கூடாது என்று கட்டளை. கடைக்காரர்கள் பம்பாய் வெங்காயத்தின் பெயரையே மாற்றி 'பெரிய வெங்காயம்' என்று விற்றார்கள். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் அந்தச் சிரிப்பைச் சத்தமாகச் சிரித்தவன் காலையில் இருக்க மாட்டான். வெங்காயத்துக்கே இந்த நிலைமை என்றால் இந்தியாப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் மனிதனுக்கு? 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோனதால், பாஸ்போர்ட் கைக்கு வந்தும் போக முடியாமல் ஆயிரக்கணக்கானவர்கள் லயங்களிலேயே மாட்டிக்கொண்டிருந்தார்கள். (அவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது தனிக் கதை.)

ஒரு நாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்களத்துக்குப் போகிற வழியில், தேயிலை ஸ்டோர் சுவரில் சிங்களத்தில் போஸ்டர். இந்திய ஆமியே வெளியேறு. அன்று மாலை அம்மா வேலை முடிந்து வந்ததும் கூடையைக்கூட இறக்காமல் ஸ்டூலில் ஏறினாள். மாமாவின் போட்டோவைக் கழற்றினாள். கண்ணாடியைப் பிரித்து, போட்டோவை எடுத்து, முருகன் படத்தின் சட்டத்தைத் திறந்து, முருகனுக்குப் பின்னால் வைத்து ஆணியை அடித்தாள். சுவரில் மாமா இருந்த இடம் மட்டும் புகை படியாமல் வெள்ளையாக, சதுரமாகத் தெரிந்தது. அதைப் பார்த்து யாராவது கேட்பார்களோ என்று அங்கே ஒரு கலண்டரை மாட்டினாள். தெற்கிலிருந்து வருகிறவன் பார்த்தாலும் ஆபத்து, தேடுதலுக்கு வரும் இலங்கை ஆமி பார்த்தாலும் கேள்வி, யாழ்ப்பாணத்தோடு தொடர்புள்ள எங்கள் பையன்கள் பார்த்தாலும் சங்கடம். ஒரு போட்டோவைப் பார்த்து மூன்று பக்கமும் பயந்தோம். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை அம்மா சூடம் காட்டும்போது எங்களுக்கு மட்டும் தெரியும், அங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று.

மாமா அப்போது எங்கே இருந்தார்? வவுனியாவில். நாங்கள் இருந்த இடத்திலிருந்து ஒரு நாள் பஸ் பயணம். கடிதமும் போட முடியவில்லை, போய்ப் பார்க்கவும் முடியவில்லை. பதினேழு வருடத்துக்கு முன்னால் கோச்சியில் விட்டுப் போன அதே நாட்டில் துப்பாக்கியோடு நின்றுகொண்டிருந்தார்.

அங்கே நடந்த ஒரு விஷயத்தைத்தான் அவர் எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். சண்டைகளைப் பற்றியெல்லாம் ஒரு முறைக்கு மேல் பேசமாட்டார்.

1988இல் ஒரு சென்ட்ரி. பெண்கள் வரிசை, அடையாள அட்டை பார்க்கிறார்கள். ஒரு கிழவி சுருக்குப் பையை இடுப்பிலிருந்து எடுக்கத் தடுமாறுகிறாள். பின்னால் வரிசை நிற்கிறது, பக்கத்தில் நிற்கிற ஹவில்தார் கத்துகிறார். மாமா வாய்தவறி நம் பேச்சில் சொல்லிவிட்டார்: "பைய கீழ வச்சிட்டு வெரசா வாங்க ஆத்தா." கிழவி நிமிர்ந்து பார்த்தாள். மெட்ராஸ்காரன் பேச்சும் இல்லை, யாழ்ப்பாணத்துப் பேச்சும் இல்லை. கேட்டாளாம்: "ஐயா, நீங்க எந்தத் தோட்டம்?"

இந்தக் கேள்வியை உலகத்தில் வேறு யாரும் கேட்க மாட்டார்கள். எந்த ஊர் என்றுதான் கேட்பார்கள். மாமா தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அவள் பசறைப் பக்கத்துக்காரி. 1977 கலவரத்தில் லயத்தைக் கொளுத்தியதும் குடும்பத்தோடு வவுனியாவுக்கு வந்து, காட்டை வெட்டிக் குடியேறியவள். அந்த வருடங்களில் அப்படி வன்னிக்குப் போன நம் சனம் ஏராளம். வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் இன்றும் பாதிப் பேச்சு நம் பேச்சுதான். அவள் மாமாவை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திட்டினாளாம்: "ஏன்டா ராசா, நம்ம புள்ளைக்கு நேராவா துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு நிக்கிற?" திட்டிவிட்டுப் போனவள் அடுத்த வாரம் மறுபடி வந்தாள். வாழை இலையில் சுற்றிய ரொட்டி, கட்டச்சம்பல். சூடு ஆறியிருக்கவில்லை.

பொதுமக்கள் கொடுப்பதைச் சாப்பிடக்கூடாது என்பது கட்டளை. விஷம் இருக்கும் என்ற பயம். ஹவில்தார் பார்த்துக்கொண்டே நிற்கிறார். மாமா வாங்கிக்கொண்டார். அவள் திருப்பத்தைத் தாண்டியதும் மணல் மூட்டைக்குப் பின்னால் கொட்டினார். "தேங்காப்பூ போட்டுத் தட்டின ரொட்டி மாப்ள, நம்ம வீட்டு வாசம். கொட்டிட்டு நிமிர்ந்தா, அவ திருப்பத்துல நின்னு பாத்துக்கிட்டு இருக்கா."

அவள் அதற்குப் பிறகு ரொட்டி கொண்டு வரவில்லை. ஆனால் 1989இல் ஒரு முறை ஓடி வந்தாள். அந்த வருடம் வடகிழக்கு மாகாண சபையை நடத்திய ஈ.பி.ஆர்.எல்.எஃப் கட்சியும் அதன் கூட்டாளிகளும், இந்தியா விலகிய பிறகு புலிகளைத் தடுக்க 'தமிழ்த் தேசிய இராணுவம்' என்று ஒன்றை உண்டாக்கினார்கள், இந்தியாவின் உதவியோடு. பஸ்ஸிலிருந்தும் டியூட்டரி வாசலிலிருந்தும் பையன்களைப் பிடித்தார்கள். சனங்கள் அவர்களைப் பிள்ளைபிடிகாரர் என்றார்கள். கிழவியின் பேரனையும் ஏற்றிவிட்டார்கள், 16 வயது. "ஒங்க ஆளுகதானே, சொல்லி எறக்கி விடுங்கய்யா" என்று மாமாவின் காலைப் பிடித்தாள். இந்த முறை 'ராசா' இல்லை, 'ஐயா'. மாமா தனக்கு மேலே இருந்த அதிகாரியிடம் சொன்னார். அது நம் வேலை இல்லை என்று பதில் வந்தது. படை விலகியதும் அந்தப் பையன்கள் நடுத்தெருவில் விடப்பட்டார்கள். பலரைப் புலிகள் கொன்றார்கள், சிலர் இந்தியாவுக்கு ஓடினார்கள். இந்தப் போரில் பிடிக்காத சண்டைக்குக் கட்டாயமாக இழுக்கப்பட்டவர்கள் என்றால் முதலில் அவர்களைத்தான் சொல்வேன். சம்பளத்துக்கு வந்த இந்தியச் சிப்பாய்க்காவது திரும்பிப் போக ஒரு கப்பல் இருந்தது.

இதற்கிடையில் கொழும்பில் ஆள் மாறியிருந்தது. ஜனாதிபதி பிரேமதாச, 1989 ஜூலை 29க்குள் இந்தியப் படை போய்விட வேண்டும் என்று ஜூன் 1 அன்று பகிரங்கமாகச் சொன்னார். அதே நேரத்தில் அவருடைய அரசிடமிருந்தே புலிகளுக்கு ஆயுதம் போனது. யாரைக் காப்பாற்ற வந்தோமோ அந்த ஊர்ச் சனமும் போ என்கிறது, அழைத்த அரசாங்கமும் போ என்கிறது, நடுவில் தினமும் ஒரு கண்ணிவெடி. மாமாவின் சிநேகிதன் ஒருவன், கேரளாக்காரன், ஒரு மதகின் மேல் காலை இழந்தான். புனேயில் இராணுவத்தின் செயற்கைக் கால் மையம் இருக்கிறது, அங்கே ஆறு மாதம் இருந்தான். மாமா லீவில் போய்ப் பார்த்தபோது அவன் கேட்ட முதல் கேள்வி, "நாம ஜெயிச்சோமா?"

கடைசிக் கப்பல் 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையை விட்டது. ஏறத்தாழ 1,200 இந்தியச் சிப்பாய்கள் இறந்திருந்தார்கள், காயம்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். மெட்ராஸில் வரவேற்புக்கு ஏற்பாடு. முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்று காரணமும் சொன்னார்.

மாமா நீலகிரிக்குப் போனார். லைனில் இருந்தவர்கள் எல்லாம் சிலோன் சனம். "நம்ம ஆளுகளையே சுட்டுட்டு வந்தியாடா?" என்று கேட்டது வெளியாள் இல்லை, அவருடைய சொந்தப் பெரியப்பா. ஒரு வருடம் கழித்து, 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்டார். இப்போது வேறு விதமான பார்வை. அதுவரை 'தமிழனைச் சுட்டவன்' என்றிருந்தவர் திடீரென்று 'சிலோன்காரன்' ஆகிவிட்டார். இராணுவத்தில் இருந்தவர் என்று சொல்லியும் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒரு அலுவலகத்தில் சேவைப் பத்திரத்தைக் காட்டியபோது, பிறந்த இடம் என்ற இடத்தில் இலங்கை என்று இருப்பதைப் பார்த்த எழுத்தர், "அப்ப நீ எந்தப் பக்கம் சண்டை போட்டே?" என்று கேட்டாராம். மாமா இதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பார்.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. மதிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் யார் மதிக்கவில்லை என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போடுகிறார்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த மகளை இழந்த தாயிடம் போய் இந்தச் சிப்பாய்களை ஏன் மதிக்கவில்லை என்று கேட்க முடியாது. அது அவமதிப்பு இல்லை, அவளுக்கு இன்னும் தீராத கணக்கு. தமிழ்நாட்டின் மௌனத்தில் பாதி உணர்வு, பாதி அரசியல். டில்லியின் மௌனம்தான் உண்மையான அவமதிப்பு. அனுப்பியது அவர்கள். போகச் சொன்னது, நிற்கச் சொன்னது, சுடச் சொன்னது, திரும்பச் சொன்னது எல்லாம் அவர்கள். பிறகு அப்படி ஒரு போரே நடக்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

வியட்நாமில் இருந்து தோற்றுத் திரும்பிய அமெரிக்கர்களின் கதையோடு இதை ஒப்பிடுவார்கள். ஒப்பீடு பாதிதான் சரி. அங்கே 1973இல் படை திரும்பியது, 1982இலேயே வாஷிங்டனில் இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்த கறுப்புச் சுவர் எழுந்துவிட்டது. இங்கே 1990இல் திரும்பியவர்களின் இறந்த தோழர்களுடைய பெயர்கள் டில்லியில் தேசியப் போர் நினைவிடத்தில் ஏறியது 2019 பெப்ரவரியில். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர்களுக்கு நினைவுத்தூண் எங்கே இருந்தது தெரியுமா? ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையில், இலங்கைப் பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில். வெளியே போ என்று சொன்ன அரசாங்கத்தின் நாட்டில், கல்லில் பெயரோடு. 2015இல் இந்தியப் பிரதமர் கொழும்புக்கு வந்தபோது மலர்வளையம் வைத்ததும் அங்கேதான். பலாலியிலும் ஒன்று உண்டு.

சிப்பாய்கள் எல்லோரும் பாவம், கட்டளைக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று முடித்துவிடவும் எனக்கு மனம் வரவில்லை. எல்லோரும் மிருகங்கள் என்பதும் எனக்கு ஒத்துவராது. யாழ்ப்பாணக் கடைகளில் காசு கொடுத்து ஜப்பான் டேப் ரெக்கார்டர் வாங்கிக்கொண்டு போனவனும் இருந்தான், வீடு புகுந்து தூக்கிக்கொண்டு போனவனும் இருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே சீருடை. மாமா வாங்கிய ரெக்கார்டருக்கு ரசீது வைத்திருக்கிறார். இன்றுவரை. யாராவது கேட்பார்கள் என்று.

அவர் 2004இல்தான் முதல் முறையாக எங்களைப் பார்க்க வந்தார். சமாதான காலம், சுற்றுலா விசா. முப்பத்திரண்டு வருடம் கழித்து அதே ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கினார். அம்மா "தம்பி" என்று சொன்னதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அவருடைய நடையில் ஒன்றைக் கவனித்தேன். மலைக்குப் போகிற குறுக்குப் பாதையில் புல்லில் கால் வைக்கமாட்டார், கல்லில் மட்டும் வைத்துத் தாண்டித் தாண்டிப் போவார். ரோட்டில் மதகு வந்தால் தன்னையும் அறியாமல் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, குனிந்து பார்த்துவிட்டுத்தான் நடப்பார். பார்த்துவிட்டு வெட்கப்படுவார். பீலியில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டு இவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இரண்டாம் நாள் கேட்டார், "அக்கா, என் போட்டோ எங்க?" அம்மா முருகனைக் கீழே இறக்கினாள். பதினைந்து வருட ஈரம், மலைநாட்டு ஈரம். இரண்டும் ஒட்டிப்போயிருந்தன. பிரித்தபோது மாமாவின் தொப்பியும் நெற்றியும் முருகனோடு போய்விட்டன, மீசைக்குக் கீழே மட்டும் வந்தது. "இது போதும்" என்று பர்ஸில் வைத்துக்கொண்டார்.

ஊருக்குப் போக நாலு நாள் இருக்கும்போது வவுனியாவுக்குப் போகலாமா என்றார். ஏ9 பாதை திறந்திருந்த காலம் அது. யாழ்ப்பாணம் வரை போகலாம் என்றேன். வேண்டாம், வவுனியா போதும் என்றார். காலையில் பஸ் ஏறி, கண்டியில் மாறி, மத்தியானம் போய் இறங்கினோம். பழைய சென்ட்ரி இருந்த இடத்தில் ஒரு டயர் ஒட்டுகிற கடை. அங்கே நின்றவரிடம், அந்தக் காலத்தில் பசறைப் பக்கத்திலிருந்து வந்து குடியிருந்த கிழவி, பேரன் ஒருத்தன், என்று விசாரித்தார். பெயர்கூடத் தெரியாது. கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "அந்தக் குடியிருப்பே இப்ப இல்லை. தொண்ணூறுக்குப் பிறகு பாதிச் சனம் மன்னாரால படகேறி இந்தியாவுக்குப் போயிட்டுது. மண்டபம் அகதி முகாமில கேட்டாத் தெரியும்."

மாமா கடைக்குப் பக்கத்தில் இருந்த பெட்டிக்கடையில் இரண்டு தேத்தண்ணி சொன்னார். பக்கத்துத் தட்டில் தேங்காய் ரொட்டி அடுக்கியிருந்தது. வேண்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார், ஆமா என்றா இல்லை என்றா எனக்குப் புரியவில்லை. ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பேப்பரில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கண்டி பஸ்ஸில் திரும்பி வரும்போது மதவாச்சிக்குப் பக்கத்தில் எடுத்துச் சாப்பிட்டார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

மண்டபத்தில் போய்க் கேட்டாரா என்று நான் இதுவரை கேட்கவில்லை. போன மாதமும் போனில் பேசினோம். முழங்கால் வலி, கொழுந்து விலை, பேரப்பிள்ளையின் படிப்பு, இவ்வளவுதான்.